ஊறப்போட்ட கடலை அளவு பசை

முதல் திருகாணியைக் கழற்றும்போது எல்லா ஆண்களும் எஞ்சினியர்கள்தான். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு மேசையில் இரண்டு மிஞ்சிக் கிடக்கும்போதுதான் ஆளின் தரம் தெரியும். எனக்கு மூன்று மிஞ்சின. (எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.)

சில வருடங்களுக்கு முந்தைய பெப்ரவரி அது. தன் அப்பா அம்மாவின், அதாவது என் மாமா மாமியின், ஐம்பதாவது கலியாண நாளுக்காக என் மனைவி சுதா மூன்று மாதம் பாடுபட்டு ஒரு படம் செய்திருந்தாள். பழைய புகைப்படங்கள், லண்டனில் இருக்கும் அவள் அண்ணனின் வாழ்த்து, சொந்தக்காரர்களின் பேட்டிகள் எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் எனக்குக் காட்டி, மிச்சத்தை மண்டபத்தில் பார்க்கச் சொன்னாள். அவளுடைய மடிக்கணினி பத்து வருடப் பழசு. படம் இடைக்கிடை திக்கித் திக்கி ஓடியது. அதைச் சகித்திருக்கலாம். நான் இரண்டு கிழமை விடாமல் வீடியோ பார்த்து, வேறொரு பழைய கணினியிலிருந்து கழற்றிய வேகமான பிராசசர் ஒன்றை வாங்கிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, முதல்ல படத்தை ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ. பிறகு என்னத்தையாவது செய்யுங்கோ," என்றாள் சுதா.

"ஓம் ஓம், எடுக்கிறன்," என்றேன். எடுக்கவில்லை.

பிராசசரின் தலையில் சூட்டைக் கடத்தும் பசை வைக்க வேண்டும். ஒரு பட்டாணி அளவு போதும் என்றார் வீடியோக்காரர். வீட்டில் பட்டாணி இல்லை. வெள்ளிக்கிழமைக்காகச் சுதா குசினியில் கடலை ஊறப்போட்டிருந்தாள். அதில் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து அளவு பார்த்தேன். (கடலை ஊறினால் எவ்வளவு பருக்கும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நான் சாப்பிடுகிறவன் மட்டும்.) விசிறியை மேலே பூட்டி அழுத்தியதும் பசை நாலு பக்கமும் பிதுங்கியது. தாராளமாக வைத்திருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேலாக ஓடவைக்கும் ஓவர்குளொக் வித்தையையும் செய்தேன். பெருமை தாங்காமல் மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, நான் குளொக்கைக் கூட்டி விட்டிருக்கிறன்."

"ஏன் தம்பி, சனம் நேரத்துக்கு வராதெண்டோ?"

அந்த ஐந்து நிமிடத்தை வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆறாவது நிமிடத்தை யார் பார்த்தது?

ஸ்காபரோ மண்டபத்தில் நூற்றிருபது பேர் பார்த்தார்கள். மாமாவின் பள்ளிக்கூடப் படம் வந்ததும் திரை கறுத்தது. கணினியைத் தொட்டேன், தோசைக்கல்லாகச் சுட்டது. பழைய பிராசசருக்கு அளந்து வைத்த சின்ன விசிறி, புதியதின் சூட்டுக்கு என்ன செய்யும்? மறுபடி போட்டேன். நாலு நிமிடத்தில் அணைந்தது. மறுபடியும் போட்டேன். மூன்று நிமிடம்.

சுதா பக்கத்தில் வந்தாள்.

"கொப்பி எங்கை?"

நான் மறுபடி பொத்தானை அமுக்கினேன். அவள் கண் கலங்கியது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு அடுத்த ஞானம் பிறந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. பெரிய திரைக்குத் தொடுக்க ஒலிபெருக்கிக்காரரிடம் நீளமான வயர் ஒன்றை வாங்கி, பக்கக் கதவைத் திறந்து, மடிக்கணினியை ஏந்திக்கொண்டு பட்டு வேட்டியோடு பனிக்குள் இறங்கினேன். படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பெரிய திரைக்கு மட்டும் போகும்படி வைத்திருந்ததால் என் கையில் இருந்த திரையில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சிரிப்புக் கேட்டது. பிறகு மூக்குறிஞ்சும் சத்தம். மாமி அழுகிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். (முன்வரிசை முழுவதற்கும் நான் திறந்துவிட்ட கதவால் குளிர் புகுந்து தடிமன் பிடித்துக்கொண்டிருந்தது.) கடைசியில் பலத்த கைதட்டல். எனக்கும் கைதட்ட ஆசைதான். விறைத்த விரல்கள் கணினியைச் சீமெந்துப் படியில் போட்டன.

வோபர்னில் கணினி திருத்தும் அண்ணை ஒருவர் ஹார்ட் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இது முடிஞ்சுது தம்பி," என்றார்.

மூன்று மாத உழைப்பு அப்படியே போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று கைபேசியில் படம்பிடித்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே வேட்டியோடு நடுங்கிய என்னைத்தான் எடுத்திருந்தார்கள்.

அதனால் குடும்பம் கூடும்போதெல்லாம் எனக்கு அந்தப் படத்தின் கதையைச் சொல்கிறார்கள். வருடாவருடம் புதுக் காட்சிகள் சேர்கின்றன. போன கிழமை பிக்கரிங்கில் கூடியபோது மாமா சொன்னார், "தம்பி, மாமி பாடின இடந்தான் திறம்."

மாமி பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சுதாவைத் தனியாகப் பிடித்தேன்.

"மாமி உண்மையிலை பாடினவவோ?"

"படத்தைப் பாத்த எல்லாருக்கும் தெரியும்," என்றாள்.