போன் பேசுறதுக்கா மூணு லட்சத்து அறுபதாயிரம்?

புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறீர்கள். எதிரில் வருகிறவர் "நல்லாருக்கே" என்று சொல்லமாட்டார். துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "எவ்ளோ?" என்பார். உஷாராக நூறு ரூபாய் குறைத்தே சொல்கிறீர்கள். அப்படியும் அவர் முகத்தில் துக்கம் கப்பிக்கொள்கிறது.

"ஏமாந்துட்டியேப்பா!"

இவர்தான். 'அதுக்கா அவ்ளோ' வகையறாவைச் சேர்ந்தவர்.

எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றாலும் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உச்சி வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து, மிச்சம் பிடித்த காசில் இளநீர் குடித்து, இளநீர்க்காரரிடமும் "இதுக்கா அவ்ளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். "பயப்பட ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டார். ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கா முந்நூறு ரூபா?

அவருடைய பொருளாதாரம் எளிமையானது. கையால் தூக்க முடிந்ததற்கு விலை உண்டு: சிமெண்ட் மூட்டை, கடலை மூட்டை, ஆடு. தூக்க முடியாததற்கு, அதாவது யோசனை, படிப்பு, பேச்சு, பொறுப்பு இதற்கெல்லாம் ஒரு டீக்கு மேல் கொடுப்பவன் ஏமாளி.

கீழ்பென்னாத்தூரில் நாலு ஏக்கரில் கடலை போடும் எங்கள் சகாதேவன் பெரியப்பா, இந்த வகையறாவுக்கு மாவட்டத் தலைவர். அவருடைய தம்பி அப்பாதுரை எனக்குச் சித்தப்பா. சித்தப்பா மகள் கவிநிலாவுக்கு சிங்கப்பூரில் வேலை, மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. இரண்டு பேரும் சேர்த்து வைத்த பணத்தில் பாலித் தீவில், கடலோரத்து ஓட்டலில், ஐம்பது பேரோடு கல்யாணம் என்று முடிவெடுத்தார்கள். சென்னையிலிருந்து மதிவதனி என்ற வெட்டிங் பிளானர் கொட்டேஷன் அனுப்பினார். பதினோரு பக்கம். முழுக்க இங்கிலீஷ்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அதனால் மிக்ஸி வாரண்டி கார்டு முதற்கொண்டு இங்கிலீஷில் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு நாள் படித்து, மூன்றாம் நாள் சித்தப்பா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். ரூம், சாப்பாடு, பந்தல், பூ, போட்டோ எல்லாம் சேர்த்து முப்பது லட்சம். அதற்கு மேல் பிளானருக்குப் பன்னிரண்டு சதவீதம். மூணு லட்சத்து அறுபதாயிரம்.

"இன்னாத்துக்கு?" என்றார் பெரியப்பா.

"அது அவங்க ஃபீஸ், பெரியப்பா."

"ரூமுக்குத் தனியா போட்டாச்சு, சோத்துக்குத் தனியா போட்டாச்சு. இது எதுக்கு?"

"எல்லாத்தையும் பேசி ஏற்பாடு பண்றதுக்கு."

"பேசுறதுக்கா? போன்லயா?"

"போன்லயும்தான்."

"எங்கிட்டயும் போன் இருக்குது. மாசம் முந்நூறு ரூபா கட்டினா எவ்ளோ வேணா பேசலாம்."

சிலர் சதவீதம் வாங்குவார்கள், சிலர் மொத்தமாக ஒரு தொகை, சிலர் கல்யாணத்தன்று மட்டும் வந்து நிற்க ஒரு தொகை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பெரியப்பா மடக்கினார். "சதவீதம்னா செலவு ஏற ஏற அவங்களுக்கு வருமானம். அப்புறம் எப்படிடா செலவக் கம்மி பண்ணுவாங்க?"

நியாயமான கேள்வி. எம்.காம். படித்த எனக்கே இது தோன்றவில்லை. இவர்களிடம் இருக்கும் ஆபத்தே இதுதான். பத்துக்கு ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுவார்கள். மீதி ஒன்பதுக்கும் அந்த ஒன்றையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

மதிவதனி நேரிலேயே வந்தார். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் ஒரு காபிக்கடையில் சந்தித்தோம். காபி விலையைப் பார்த்த அதிர்ச்சியிலிருந்து பெரியப்பா மீள்வதற்குள் அவர் சொன்னார்: "நான் வாங்கறது பேசுறதுக்கு இல்லீங்கய்யா. ஏதாவது தப்பாப் போச்சுன்னா பொறுப்பு ஏத்துக்கறதுக்கு."

"தப்பாப் போவும்னு நீங்களே சொல்றீங்க. அதுக்குக் காசு வேற!"

அன்றைக்கு மதிவதனி கழற்றிவிடப்பட்டார். பெரியப்பா அந்த வகையறாவின் மகாவாக்கியத்தை மொழிந்தார்: "இதெல்லாம் ஒரு வேலையா? நானே பண்ணிடறேன்."

பண்ணவும் பண்ணினார். ஆறு வாரம் உழைத்தார். அவர் சொல்லச் சொல்ல ஓட்டலுக்கு நான் மெயில் அனுப்பினேன். பூவில் குறைத்தார், பந்தலில் குறைத்தார், கடைசியில் ஐயரிலும் குறைத்தார். "மந்திரத்துக்கு எதுக்குடா பாஸ்போர்ட்டு? வீடியோ கால்ல சொல்லட்டும்." ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஓட்டல் புல்வெளியை ஆறிலிருந்து எட்டு வரை பிடித்தாகிவிட்டது. ஐயரிடமும் "டாண்ணு ஆறு மணிக்கு ரெடியா இருங்க சாமி" என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. வேறென்ன வேண்டும்?

கல்யாணத்தன்று காலை மணி ஆறு. கடல், காற்று, மாலையோடு பெண்ணும் மாப்பிள்ளையும், ஸ்டாண்டில் செல்போன். ஐயர் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தார். திரை முழுக்க இருட்டு.

"யாருங்க?"

"சாமி, மணி ஆறாச்சு!"

"உங்களுக்கு ஆச்சு. இங்க மூணரைதான்."

பாலியில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஐயர் குறித்தது நம்மூர் ஆறு மணி. "அந்த லக்னம் வர்றதுக்கு முன்னாடி தாலி ஏறக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அந்த ஊர்க் கணக்கில் எட்டரைக்கு மேல்தான் தாலி கட்டலாம். புல்வெளியை எட்டுக்கு விட்டுவிட வேண்டும். அதற்கடுத்து அங்கே யோகா வகுப்பு.

"ஊர்லயே வச்சிருந்தா இந்த கதி வருமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா யாரிடமும் சொல்லாத மாதிரி எல்லோரிடமும் சொன்னார். கவிநிலாவின் அம்மா அருணாதேவி சித்தி கண் கலங்கப் பெரியப்பாவிடம் வந்தார். "மாமா, ஏதாவது பண்ணுங்க. நல்ல நேரத்துல தாலி ஏறலன்னா எம் பொண்ணுக்குக் காலத்துக்கும் பேச்சாயிடும்."

பெரியப்பா மேனேஜரிடம் ஓடினார். "ஒன் அவர் எக்ஸ்ட்ரா. சேம் ரேட்!" மேனேஜர் கைகூப்பி, சிரித்து, ஏழு விதமாக முடியாது என்றார்.

ஏழே முக்காலுக்குக் கவிநிலா யாரையும் கேட்காமல் மதிவதனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். "முடியும்னுதான் நினைக்கறேன். அவசர வேலைக்கு நாப்பதாயிரம் ஆகும். சரின்னா இப்பவே பேசறேன்."

பாயும் கையுமாக வெள்ளைக்காரர்கள் புல்வெளி ஓரத்தில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரியப்பா போனைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"இருபதுன்னு முடிச்சுக்கலாமேம்மா."

புல்வெளி ஓரத்தில் முதல் பாய் விரிந்தது.

"கொஞ்ச நேரம் பேசுறதுக்கு நாப்பது ஜாஸ்திம்மா. இருபத்திரண்டு வச்சுக்க."

"பெரியப்பா, போனக் குடுங்க!" மாலை பிய்யப் பிய்யக் கவிநிலா பிடுங்கினாள். "அக்கா, நாப்பது. பேசுங்க."

ஒன்பது நிமிடம். மேனேஜர் வேறு முகத்தோடு வந்தார். யோகா வகுப்பு நீச்சல் குளத்துப் பக்கம் போனது. பத்து மணி வரை புல்வெளி எங்களுக்கு. எட்டு நாற்பதுக்கு, விபூதி பளபளக்க ஐயர் திரையில் மந்திரம் சொல்ல, தாலி ஏறியது. சித்தி அழுதார்; இது வேறு அழுகை.

பெரியப்பா இனி திருந்திவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒம்போது நிமிஷம், நாப்பதாயிரம். நிமிஷத்துக்கு எவ்ளோடா ஆவுது? நீதான் படிச்சவனாச்சே."

"நாலாயிரத்து நானூத்தி நாப்பத்தி நாலு, பெரியப்பா."

"பாத்தியா?"

இப்போது கீழ்பென்னாத்தூரில் யார் கேட்டாலும் இதுதான் கதை: "பிளானரே இல்லாம முடிச்சேன். கடைசியில பொண்ணுதான் அவசரப்பட்டு ஏமாந்துட்டா. இன்னும் அஞ்சு நிமிஷம் வுட்டிருந்தா இருபத்தஞ்சுக்கு வந்திருப்பாங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் 'முப்பதுக்காவது பேசியிருக்கலாமே' என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேதி குறித்ததும் சொல்லி அனுப்புங்கள், பெரியப்பா நம்பர் தருகிறேன். எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். ஒரு பைசா வாங்கமாட்டார்.