அறுபத்தோராவது யானை

வாசிக்காத புத்தகத்தை ஒருமுறையாவது வாசித்ததாகச் சொல்லாத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பெரும்பாலானோர் தலையை ஆட்டிவிட்டுத் தப்பிவிடுகிறார்கள். நான் முப்பத்திரண்டு பேருக்கு முன்னால் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினேன்.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் தமிழுக்கு எனக்கு ‘சி’ வந்திருந்தது. (வீட்டில் அதைக் ‘கிட்டத்தட்ட பி’ என்று சொல்லிக்கொண்டோம்.) ஆனாலும் அடுத்த உயர்தர வகுப்பில் தமிழ்தான் படிப்பேன் என்று நின்றேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்த தவமணி மிஸ் என் பெறுபேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு சரித்திர நாவலின் பெயரைத் துண்டில் எழுதித் தந்தார்.

“லீவுக்குள்ள இதை வாசிச்சிட்டு வாரும். முதல் நாள் வகுப்பில ஐஞ்சு நிமிசம் கதைக்கவேணும். கதைச்சால் இந்த வகுப்பு. இல்லாட்டி வேற பாடம் பாரும்.”

நாவல் எங்கள் வெள்ளவத்தை வீட்டிலேயே இருந்தது. அம்மா கலியாணமாகி வரும்போது கொண்டுவந்த மூன்று தடித்த பாகங்கள். முதலாம் பாகத்தைத் திறந்தேன். ஓர் ஏரியில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. ஏழாம் பக்கத்திலும் மறைந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் நான் கைபேசியை எடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் கதை கேட்க முடியாது. “வாசி” என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுவார். மிச்சம் இருந்தவர் அப்பா. அவருக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை கூட. பின்னேரங்களில் கடற்கரையோரம் நடக்கச் சொல்லி டொக்டரின் கட்டளை. தனியாக நடக்க அவருக்குப் பஞ்சி, சோம்பல்.

“அப்பா, நான் உங்களோட நடக்க வாறன். நீங்க எனக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கோ. வாசிச்சனீங்கள்தானே?”

“வாசிக்காமலோ! மூண்டு பாகமும். ரெண்டு தரம்.”

ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தெகிவளைப் பக்கமாகப் போய்த் திரும்பினால் ஓர் அத்தியாயம் முடியும். அப்பா அற்புதமாகக் கதை சொன்னார். முதல் வாரம் ஏரி, ஒற்றன், குதிரை, கோட்டைச் சுரங்கம் எல்லாம் வந்தன. இரண்டாம் வாரத்திலிருந்து கதை கடலுக்குப் போய்விட்டது. சேனாதிபதி அறுபது யானைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு படையெடுத்தான். நடுக்கடலில் ஒரு யானை குட்டி போட்டது. பத்திரத்தில் அறுபது யானை, கப்பலில் அறுபத்தொன்று. சுங்க அதிகாரி சரக்கை இறக்க விடவில்லை.

“பிறகென்ன, பதினொரு நாள் கப்பல் சும்மா நிண்டது,” என்றார் அப்பா, சொந்தத் துக்கம்போல. “போர் பிந்திப்போச்சு.”

(அப்பா, துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தவர். எனக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘சி’ சும்மா வருவதில்லை.)

கடைசியில் எதிரி நாட்டு இளவரசி தானே துறைமுகத்துக்கு வந்து, குட்டி யானைக்குத் தனிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, கப்பலை விடுவித்து, சேனாதிபதியையும் கலியாணம் செய்துகொண்டாள். அந்த இடத்தில் நான் உண்மையிலேயே அழுதேன். அப்பாவுக்கும் கண் கலங்கியது.

முதல் நாள் வகுப்பு. முதலாம் பாகத்தை நான் சொல்லச் சொல்ல, மிஸ் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். யானைகள் கப்பலில் ஏறியதும் கண் திறந்தது.

“எத்தினை யானை?”

“அறுபது, மிஸ். குட்டியோட அறுபத்தொண்டு.”

“சுங்க அதிகாரி என்ன சொன்னவர்?”

“பேப்பரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னவர், மிஸ்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது. கதை எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்து, சேனாதிபதி குட்டி யானையை மடியில் வைத்துத் தாலாட்டிய காட்சியைக் கூடுதலாகச் சேர்த்தேன். (இது அப்பா சொன்னதல்ல, என் பங்கு.) மிஸ் வரவு இடாப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “இந்தக் கதையை உமக்கு ஆர் சொன்னது?”

“அப்பா, மிஸ்.”

“நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் சேர்ட்டில் வந்தார். பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டாம் நாளே கூப்பிடுகிறார்கள் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று அம்மாவும் வந்துவிட்டார். அப்போதுதான் கதையில் ஏதோ பிழை என்று எனக்கு உறைத்தது. என் இடம் போகப்போகிறது என்ற பயம் ஒருபக்கம். அப்பா தலைகுனிந்து நிற்கப்போகிறாரே என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

மிஸ் மரியாதையாகத்தான் கேட்டார். “நீங்க ரெண்டாம் பாகம் வாசிச்சனீங்களோ?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். “முதலாம் பாகம் நல்லா வாசிச்சனான், மிஸ்.”

அம்மா மெல்லத் திரும்பினார். “அப்ப, என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு?”

“அண்டைக்கு என்ன?”

“‘நீர் அந்த நாவல்ல வாற இளவரசி மாதிரி’ எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம், அதுக்கென்ன? வடிவான பிள்ளைதானே அவ.”

“மூண்டாம் பாகத்தில அவள் புருசனுக்கு நஞ்சு வச்சுக் கொல்லுறவள்!” அம்மாவின் குரல் உயர்ந்தது. “பதினெட்டு வருசமா யோசிச்சுக்கொண்டிருக்கிறன், இந்த மனுசன் என்னில என்னத்தைக் கண்டு அப்பிடிச் சொன்னவர் எண்டு!”

மிஸ் மறுபடியும் இடாப்பைத் தூக்கினார்.

இடம் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மாத முடிவுக்குள் நானும் அப்பாவும் மூன்று பாகங்களையும் வாசித்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அம்மா கேள்வி கேட்டார். சரியான பதில் வரும்வரை அப்பாவின் தட்டில் பொரியல் விழாது. நஞ்சு வைக்கும் அத்தியாயத்தை அப்பா சத்தமாக வாசித்தார். பாதியில் நிறுத்தி, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் தொடர்ந்தார்.

இது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் அப்பா உடனே குடிக்க மாட்டார். கோப்பையைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார்.

“இது எத்தினையாம் பாகம்?”

சாதாரண நாட்களில் “முதலாம் பாகம், குடியுங்கோ” என்று பதில் வரும். போன ஞாயிறு அப்பா பாமன்கடையில் தன் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, கத்தரிக்காய்க் கறி என்றால் அதுதான் கறி என்று இரண்டு முறை சொல்லியிருந்தார்.

“மூண்டாம் பாகம்,” என்றார் அம்மா.

அப்பா சற்று யோசித்தார். பிறகு கோப்பையை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.