மாப்பிள்ளை வேனுக்குக் காற்றோட்டம்

அரைகுறையாகப் படித்தவர் கையில் கருவியைக் கொடுப்பது ஆபத்து. அவர் பரீட்சையில் முதலாவதாகவும் வந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. அந்த வருஷம் பதுளையில் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். வகுப்பில் ஒரே பெண்ணும் நான்தான். இந்த இரண்டு பெருமையும் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதில், மூளைக்கு இடம் போதவில்லை.

எங்கள் வீடு லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பாவிடம் பழைய டீசல் வேன் ஒன்று இருந்தது. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும். மற்ற நேரத்தில் கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகும். இறக்கத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏற்றத்தில்தான் வம்பு. ஒருமுறை ஆள் நிறைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, ஒருவர் இறங்கி ரோட்டோரக் கடையில் வெற்றிலை வாங்கி, நடந்தே வந்து மறுபடி ஏறிக்கொண்டார். வேன் நிற்கவேயில்லை. (இது பொய் என்பார் அப்பா. அவர் வாங்கியது வாழைப்பழமாம்.)

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு ஊர் ஹாலிஎல. பதுளையில் கோயில் மண்டபத்தில் தாலிகட்டு. மாப்பிள்ளையை நம் வேனிலேயே கூட்டிப்போகலாம் என்று அப்பா சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

“பசறை ஏத்தத்துல த்ரீவீல்காரன்லாம் நம்மள முந்திக்கிட்டுப் போவான். மாப்பிள்ள ஊர்கோலம் நத்தை மாதிரி போவுதுன்னு ஊரே சிரிக்கும்.”

“நா சரி பண்ணித் தாறேம்மா” என்றேன். நான் வாயைத் திறந்த நேரம் அப்படி.

எஞ்சினின் மேல்பாகத்தை ஹெட் என்போம். காற்று உள்ளே போகவும் புகை வெளியே வரவும் அதில் தனித்தனிப் பாதைகள் உண்டு. அந்தப் பாதைகளைக் கடைந்து, தேய்த்து, கொஞ்சம் அகலமாக்கிவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும். இதற்குப் போர்ட்டிங் என்று பெயர். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இதைச் செய்வதை நான் எத்தனை தடவை பார்த்தேனோ. நகை செய்வதுபோல் அத்தனை பக்குவமாகத் தேய்த்தார் மனிதர். அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு, தேய்த்ததை மட்டும் நான் கற்றுக்கொண்டேன்.

தேய்க்கும் மெஷினைப் பதுளையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த நஸீர் நானா இரவல் தந்தார். என்னைத் தடுத்திருக்க வேண்டிய மனிதர், என்னைவிட உற்சாகமாகிவிட்டார். “செய்ங்க தங்கச்சி! அடுப்புக்கே ஊதினாத்தானே எரியும்? இது சரிவந்தா நம்ம லொறியயும் ஒரு கை பார்ப்பம்.”

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஒனக்குத் தெரியும்ல புள்ள?”

“தெரியும்பா.”

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அப்பாவும் நானுமாக ஹெட்டைக் கழற்றி, வீட்டு முன்னால் ஒரு பழைய மேசையில் வைத்தோம். தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்சம் தேய்த்தால் கொஞ்சம் காற்று, நிறையத் தேய்த்தால் நிறையக் காற்று. என் விஞ்ஞானம் அவ்வளவுதான். இரும்புத் தூள் என் தலையில் விழுந்தது, அம்மாவின் ரோஜாச் செடியில் விழுந்தது, காயவைத்த மிளகாயிலும் விழுந்தது. (அந்த மாதம் எங்கள் குழம்பில் இரும்புச்சத்துக்குக் குறைவில்லை.) பாதை கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் என் முகமே தெரிந்தது. முகத்தைப் பார்த்து மயங்கி, இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

ஒன்றை மறந்திருந்தேன். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிறது. வகுப்பில் அதைப் படமாக வரைந்து, தண்ணீருக்கு நீலக் கலர் அடித்து, ஆசிரியரிடம் பாராட்டும் வாங்கியவள் நான்.

எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். வேன் சும்மா பறந்தது. ஏற்றத்தில் ஒரு த்ரீவீலை முந்தினோம். அப்பா அதைப் பார்த்துக் கையெல்லாம் காட்டினார். (அது பஞ்சராகி நின்ற த்ரீவீல் என்று அண்ணன் பிறகு சொன்னான். பொறாமை.)

கல்யாணத்தன்று காலை, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக அண்ணன் முன் சீட்டில் ஏறினான். அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பட்டுச் சேலையில் நான். பின்னால் அம்மாவும் சொந்தக்காரர்களும் சீர்த் தட்டுகளும். பசறை தாண்டி ஏற்றம் தொடங்கியது. முன்னால் ஒரு த்ரீவீல், நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்த த்ரீவீல்.

“மிதிங்கப்பா!” என்றேன்.

அப்பா மிதித்தார். வேன் சீறிக்கொண்டு த்ரீவீலைத் தாண்டியது. பின்னாலிருந்து கைதட்டல். ராணிபோல் திரும்பி எல்லாரையும் பார்த்தேன். பார்த்த இடத்தில் சொந்தக்காரர்களைக் காணோம், வெள்ளைப் புகைதான் தெரிந்தது. அடுத்த வளைவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வேன் நின்றது. முந்தப்பட்ட த்ரீவீல் புகைக்குள்ளிருந்து மெதுவாக வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “சாமி ஊர்வலமாங்க?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் வேனில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே. மாப்பிள்ளையை இறக்கி, சீட்டைத் தூக்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றுக் குழாயைக் கழற்றினேன். காற்று போகவேண்டிய வழியில் சூடாகத் தண்ணீர் கொட்டியது. நான் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கிய சுவர், ஏற்றத்துச் சூட்டில் பிளந்துவிட்டிருந்தது.

அப்பா கோபப்படவில்லை. “தெரியும்னு சொன்னியே புள்ள” என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அண்ணன்தான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே சொன்னான். “காத்துக்கு வழி வெட்டச் சொன்னா, வாய்க்கா வெட்டி வச்சிருக்கா. வாம்மா காத்தாயி!”

புகை இருமலுக்கு நடுவிலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குக் காவலாக நான் நிற்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். “நாத்தனார் முடிச்சு யாரு போடுறது, அந்த த்ரீவீல்காரனா?” என்றார் அம்மா. சித்தப்பா காவலுக்கு நின்றுகொண்டார்.

அப்போதுதான் மொனராகலையிலிருந்து பதுளை போகும் பஸ் வந்தது. கை காட்டினோம். கண்டக்டர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “மனமாலயாவுக்கு எடம் குடுங்க!” என்று சிங்களமும் தமிழும் கலந்து கத்தினார். (மாப்பிள்ளைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.) சோளமூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். மூட்டை மட்டும் அண்ணன் மடிக்குப் போனது. டிரைவருக்கு எங்களைவிடக் கல்யாணக் களை. பதுளைவரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கோயில் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

மாப்பிள்ளை வேனுக்காக ஆரத்தித் தட்டோடு காத்திருந்தவர்கள் முன்னால் ஒரு முழு பஸ் வந்து நின்றால் என்ன செய்வார்கள்? பஸ்ஸுக்கே சுற்றினார்கள். வேடிக்கை பார்க்க இறங்கிய பயணிகள் எல்லாருக்கும் பெண்ணின் அப்பா பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, உள்ளே கூட்டிப்போனார். “இத்தன பேரு வருவீங்கன்னு சொல்லவேயில்லயே சம்பந்தி” என்று என் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். அப்பா, “எங்களுக்கே தெரியாதுங்க” என்றார். கண்டக்டர் லட்டு சாப்பிட்டுவிட்டு அண்ணனோடு போட்டோவும் எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டார்.

குழாயடியில் எவ்வளவு தேய்த்தும் என் கையிலிருந்த கறுப்பு போகவில்லை. (தேய்ப்பதில் கைதேர்ந்தவள் நான், தேவையான இடத்தில் பலிக்கவில்லை.) அண்ணன் தாலியைக் கட்ட, குனிந்திருந்த பெண்ணின் பின்னால் நின்று நான் முடிச்சுப் போட்டேன்.

“என்னங்க வாசம் இது, டீசலா?” அதுதான் அண்ணி என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“ஆமாங்க அண்ணி. ஹெட்டு வெடிச்சிருச்சு.”

“யாரு தலைங்க?” என்று பயந்து கேட்டார். நான் ரகசியமாக விளக்கினேன். அண்ணியின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று நினைத்து, அவருடைய அத்தைகள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த ஹெட் பழைய இரும்புக்குப் போனது. இன்னொன்று வாங்கிப் பூட்டியதும், வேன் பழையபடி நத்தையானது. நஸீர் நானா, “நான் அப்பவே வேணாம்னு சொன்னேனே தங்கச்சி” என்று இன்றுவரை சாதிக்கிறார்.

காத்தாயி என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அண்ணனிடமிருந்து அண்ணிக்குப் போய், அண்ணியிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய், காத்தாயி அத்தை ஆனேன். ஹாலிஎலயில் சொந்தமாகக் கராஜ் போட்டபோது பெயர் தப்பிக்கும் என்று நினைத்தேன். த்ரீவீல்காரர்கள் காத்தாயி அக்கா ஆக்கிவிட்டார்கள்.

போன மாதம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கராஜில் அப்பா மட்டும் இருந்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

“ஒருத்தரு லொறியோட வந்தாரு. மஞ்சுளா மெக்கானிக் இருக்காங்களான்னு கேட்டாரு. அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்” என்றார், என்னைப் பெற்றுப் பெயர் வைத்தவர்.