கோலியாத்துக்கு நான் கொடுத்த கல்சியம்

வாழ்க்கையில் ஒரேயொரு துறையில்தான் நான் நிபுணனாக இருந்திருக்கிறேன்: நாய்க்குட்டி வளர்ப்பு. அந்த நிபுணத்துவம் மொத்தம் ஒன்பது கிழமை நீடித்தது.

மன்னாரில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொழும்பு நண்பன் எனக்குத் தந்தது கிரேட் டேன் குட்டி. வளர்ந்தால் கன்றுக்குட்டி உயரம் வரும் என்றான். அந்த "வளர்ந்தால்" என்ற சொல்தான் என் நிம்மதியைக் கெடுத்தது. நத்தார் பண்டிகைக்கு முன்பே அதைக் கன்றாக்கிக் காட்டாவிட்டால் கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? (அதுவரை நிமிர்ந்து நடந்தேனா என்பது வேறு விஷயம்.)

பைபிளில் வரும் இராட்சதனை நினைத்துக் கோலியாத்து என்று பெயர் வைத்தேன். விடிந்ததும் பாலோடு இரண்டு முட்டை. பத்து மணிக்கு பேக்கரிப் பாண் நாலு துண்டு. மதியம் மீனும் சோறும். மாலையில் மாட்டெலும்பு சூப். எலும்பு உறுதிக்காக வேளைக்கு இரண்டு கல்சியம் மாத்திரை, என் சொந்தச் சிபாரிசில்.

"குட்டி வெடிக்கப்போகுதப்பா" என்றாள் மனைவி ரெஜினா.

"பெரிய இன நாயைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்றேன். உங்களுக்கென்ன தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

ஒரு காலை கோலியாத்து எழும்பவில்லை. தூக்கி நிறுத்தினால் முன்னங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து நடுங்கின. முட்டையை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்து முனகியது. ரெஜினா ஓட்டோ பிடித்தாள். மன்னார்ப் பாலம் தாண்டி முருங்கன் மிருக வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்வரை குட்டியின் தலை அவள் மடியிலேயே கிடந்தது.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். குட்டியின் விலா எலும்பைக் கையால் தேடினார். நெடுநேரம் தேடினார்.

"என்ன குடுக்கிறனீங்கள்?"

"கொஞ்சம் பால், கொஞ்சம் சோறு..."

"கல்சியம்?"

"எப்பவாவது, டொக்டர்."

ரெஜினா கைப்பையைத் திறந்தாள். வெற்று மாத்திரைப் போத்தல்கள் மேசையில் வரிசையாக நின்றன. பெரியமடுவிலிருந்து மாட்டோடு வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ரை மாட்டுக்கே நான் இவ்வளவு குடுக்கேல்லை, தம்பி."

"ஆர் இப்பிடிக் குடுக்கச் சொன்னது?" என்றார் வைத்தியர்.

"நானாத்தான் யோசிச்சனான்."

"இனி யோசியாதேங்கோ. பெரிய இனக் குட்டி மெதுவாத்தான் வளரவேணும். எலும்பு முற்ற முதல் பாரம் ஏறினா கால் வளையும். கல்சியத்தை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. சாப்பாட்டை அளந்து வையுங்கோ. தடவினா விலா எலும்பு கையிலை தட்டுப்படவேணும்."

"கால் நிமிருமோ, டொக்டர்?" என்றேன்.

"நிமிரும் எண்டு நினைக்கிறன். ஒத்துழைப்பு வேணும்."

"அவன் சொல் கேப்பான், டொக்டர்."

"நான் உங்களைச் சொன்னனான்."

அன்றோடு அளவுக் கோப்பை ரெஜினாவின் கைக்குப் போனது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கால்கள் நிமிர்ந்தன. கோலியாத்து நத்தாருக்கு அல்ல, அதற்கடுத்த நத்தாருக்குத்தான் உயர்ந்து நின்றது. (யாராவது பாராட்டினால் நன்றி சொல்வது மட்டும் நான்.)

அது நடந்து பல வருஷம் கழித்து, போன மாதம் பேத்திக்கு முதல் சோறூட்டினோம். எல்லோரும் ஒவ்வொரு வாய் ஊட்டினார்கள். என் முறை வந்தது. கரண்டியை எடுத்தேனோ இல்லையோ, குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த ரெஜினாவின் குரல்:

"பிள்ளையை அந்தாளிட்டைக் குடுக்காதேங்கோ! கால் வளைஞ்சிடும்!"