அப்பாவுக்கு ஒரே கோடு

நோய் என்பது அடுத்தவருக்கு வருவது. இருபது வயதில் இதை முழுமனதாக நம்பினேன். (படித்த பெண் என்று வேறு சொல்லிக்கொண்டேன்.)

கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரிக்குப் போய்வந்த காலம். எச்.ஐ.வி., பால்வினைத் தொற்றுகள் பற்றிப் பேச ஒரு மருத்துவமனைத் தாதி வந்திருந்தார். ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்து, பெயர் வேண்டாம், உண்மையை மட்டும் எழுதுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக்கொண்டே வந்தேன். ‘உங்கள் துணைக்கு இதற்குமுன் வேறு உறவுகள் இருந்தனவா?’ என்ற இடத்தில் பேனா நின்றது. என் காதலனுக்குப் பிடித்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுக் கடை தெரியும். அவன் கைப்பேசியின் கடவு எண்கூடத் தெரியும். இது தெரியாது. ‘நமக்குள்ள எதுக்கு’ என்று ஆணுறையையும் விட்டுவிட்டிருந்தோம்.

பயந்துபோய், வாயில் தேய்த்துப் பார்க்கும் எச்.ஐ.வி. சுயபரிசோதனைப் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வீட்டு முகவரியைக் கொடுத்தேன். (அறிவு!)

மூன்றாம் நாள் வீட்டுக்குள் நுழைந்தால், லோரி ஓட்டும் அப்பா நாற்காலியில் இருமிக்கொண்டிருந்தார். மேசைமேல் என் பெட்டி, பிரித்தபடி.

“ரெண்டு நாளா இருமுறாரு. நீ வாங்குன கோவிட் கிட் வந்துச்சு, அவருக்கு எடுத்துப் பார்த்துட்டேன்” என்றார் அம்மா.

“அம்மா, உள்ள இருந்த தாளைப் படிச்சீங்களா?”

“கோவிட்ல நூறு தடவ எடுத்தாச்சு, படிக்க என்னா இருக்கு? பாரு, ஒரே கோடு. நெகட்டிவ் லா!”

பேசாமல் இருந்திருக்கலாம். அதிர்ச்சியில் வாய் தானாகத் திறந்தது. “அது கோவிட் இல்லம்மா. எச்.ஐ.வி.”

அப்பாவின் இருமல் அந்த நொடியே நின்றது. முகம் வெளுத்தது. மெல்லக் கேட்டார்: “ரெண்டு கோடு வந்திருந்தா?”

அம்மா நிதானமாகத் திரும்பினார். “ஏன், வரும்னு நெனச்சீங்களா?”

“சும்மா கேட்டேன் லா!”

அம்மாவின் பார்வை அவரை விட்டு என்மேல் விழுந்தது. “அப்ப இது யாருக்கு?”

பாடத்துக்கு என்று பொய் சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. அதுவே பதிலாகிவிட்டது. அப்பா வெளியே போய் லோரிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அம்மா லீவு போட்டு என்னை அம்பாங்கில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துப் போனார். (அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.) இரத்தம், சிறுநீர் இரண்டும் கொடுத்தேன். எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் இப்போது பார்ப்பது சீக்கிரம், மூன்று மாதம் கழித்து மறுபடி வரவேண்டும் என்றார் டாக்டர். அதோடு நிற்கவில்லை. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருந்தது.

“எனக்கு ஒன்னுமே செய்யலையே டாக்டர்!”

“நெறைய பேருக்கு அப்படித்தான்மா. மருந்துல போயிடும். அந்தப் பையனும் சாப்பிடணும்.”

அவனிடம் சொன்னேன். “உன்னாலதான்” என்றான். மருந்து சாப்பிட்டான், காதல் முடிந்தது.

அந்த மூன்று மாதமும் அப்பா என்னிடம் பேசவில்லை. கடைசி முடிவு வந்த அன்று வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஒரே கோடா?”

“ஒரே கோடுப்பா.”

தலையை ஆட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது எங்கள் மூவருக்குள் மட்டும் ஓடும் கதை. இன்றும் அப்பா ஒரு முறை இருமினால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும்: “ரெண்டு கோடு வந்திருந்தான்னு அன்னிக்கு ஏன் கேட்டீங்க? இப்பவாவது சொல்லுங்க.”

அப்பா இன்னும் சொல்லவில்லை.