எடுபிடி மூடிய கேள்வி

மனைவியை ஏமாற்றியே தீருவது என்று மணியக்காரர் முடிவெடுத்தது குளியலறையில். அந்த வீட்டில் போனும் கையுமாக அவர் நிம்மதியாக உட்கார முடிந்த இடம் அது ஒன்றுதான்.

மணியக்காரர் என்பது மனைவி வைத்த பெயர். அவர் எந்த ஊரையும் ஆளவில்லை. போன் திரையின் மூலையில் ஒரு மணிச் சின்னம் இருக்கும். அதன் மேல் சிவப்பாக ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். அதை இறக்குவதுதான் அவர் உத்தியோகம். சம்பளம் கிடையாது. சம்பளம் வரும் வேலை பகலில் ஒரு கிடங்கில் தனியாக இருந்தது. அதை அவர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததே இல்லை.

படங்களுக்கு அடியில் வசனம் ஓடுகிறதே, அதை வாயசைவோடு பொருத்தித் தரும் மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் இலவசமாக விட்டும்விட்டார். எடுத்துக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? குறை சொல்ல அங்கே ஒரு பக்கம் உண்டு. அதில் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் இஷ்யூ என்று பெயர். ஒவ்வொரு இஷ்யூவுக்கும் இவர் போனில் மணி அடிக்கும். வசனம் கால் விநாடி பிந்திவிட்டது என்று எங்கோ ஒருவர் கொதிப்பார். இவரும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார். மனைவி கேட்டதற்கு ஒரு "ம்" வர மட்டும் அரை மணி ஆகும். அந்த "ம்"மும் பெரும்பாலும் வேறு எதற்கோ சொன்னதாக இருக்கும்.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பார்வை மங்குகிறது என்று வருகிறவர்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஆள் நிற்பதே தெரியாத ஒருவர் சோபாவில் இருப்பார். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எப்ப வருவீங்க?"

சோபாவிலிருந்து மேசைக்கு நாலு எட்டு. அவர் வந்து சேரும்போது அவள் கை கழுவிக்கொண்டிருப்பாள். இது தினமும் நடக்கும்.

அப்போதுதான் கடை முதலாளி வேறு ஊரில் புதுக் கிளை திறந்தார். அதை அவள்தான் நடத்த வேண்டும் என்றார். அவளுக்குப் போக ஆசை. இவரை விட்டுப் போக மனமில்லை. போகாதே என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இருந்திருப்பாள். கேட்டாள். பாக்கலாம் என்றார். மறுநாளும் கேட்டாள்.

அப்போது அவர் நகல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே குறையை இரண்டாவதாக ஒருவர் எழுதினால், "நகல்" என்று ஒற்றைச் சொல் எழுதி மூடிவிடலாம்; அதோடு அந்தக் குறையின் கதை முடிந்தது. அதில் அவருக்கு அலாதி ருசி. தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஒரு இஷ்யூ போட்டுடு. வரிசையா பாத்துடறேன்."

நல்ல நகைச்சுவை என்று அவருக்குத் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவுமில்லை.

வீடு அமைதியானால் புருஷனுக்குப் பயம் வரும். இவருக்கும் வந்தது. படியில் பார்த்த பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மணித் தொல்லையைச் சொல்லி அழுதார். மனுஷன் யோசிக்கவே இல்லை.

"பெல் நச்சரிச்சா ஒயரைப் பிடுங்கிடணும் சார். நிஜமா வேணும்கிறவன் கதவைத் தட்டுவான்."

அதிலிருந்து பிறந்ததுதான் குளியலறைத் திட்டம். தானாக வேலை பார்க்கும் ஒரு குட்டி நிரலை எழுதி, எடுபிடி என்று பெயரிட்டார். முன்பின் தெரியாத புதியவர்கள் எழுதும் எதற்கும் இனி மணி அடிக்காது. சில வாரம் பதில் இல்லாமல் கிடந்தால் எடுபிடியே மூடிவிடும். எதை மூடினாலும் கீழே மரியாதையாக நன்றி சொல்லும். பழகியவர்கள் எழுதுவது மட்டும் ஓசையில்லாமல் ஒரு மூலைக்குப் போகும். அதை இவர் குளியலறையில் படித்துக்கொள்வார்.

சிவப்பு எண் இல்லாத வெறும் மணியை மனைவியிடம் காட்டினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா தெரியுது" என்றாள்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தார். குளியலறைக்குப் போய்ப் போய் வந்தார். மறுநாள் அவள் வயிற்றுக்கு மாத்திரை வாங்கி வந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லையென்று சொன்னால் குட்டு உடையும். அவள் எதிரிலேயே விழுங்கினார். தினமும் விழுங்கினார். இல்லாத வியாதிக்கு மருந்து தின்று அவர் வயிறு நிஜமாகவே கெட்டுப்போனது.

ஒரு ஞாயிறு காலை பார்த்தால், அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளைக்குப் போவதாக ஒப்புக்கொண்டாயிற்று, மத்தியான வண்டி என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். நீங்க சொன்ன இடத்துலதான் கேட்டேன். பதிலும் வந்துச்சு. நன்றின்னு வேற போட்டிருந்தீங்க."

அவர் நேரே பக்கத்தைத் திறந்தார். குளியலறைக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை. மூடப்பட்டவற்றின் அடியில் அது கிடந்தது. குறை எழுதுகிறவர்கள் நிரப்ப வேண்டும் என்று அவர் வைத்திருந்த கேள்விகளை, ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தாள்.

எதிர்பார்த்தது என்ன: போகாதே என்று ஒரு வார்த்தை.

நடந்தது என்ன: ம்.

மீண்டும் நிகழ்த்திக் காட்டுவது எப்படி: பக்கத்தில் உட்கார்ந்து எதைக் கேட்டாலும் நிகழும்.

எந்தப் பதிப்பு: கல்யாணத்துக்குப் பிந்தையது. முந்தைய பதிப்பில் இந்தக் குறை இல்லை.

மேலே "புதியவர்" என்று எடுபிடி முத்திரை குத்தியிருந்தது. கீழே, நீண்ட நாளாக யாரும் பதில் சொல்லாததால் இதை மூடுகிறோம், உங்கள் பங்களிப்புக்கு நன்றி.

"இது நான் இல்ல. எடுபிடி" என்றார்.

"தெரியும். நீங்களா இருந்தா மூடக்கூட வந்திருக்க மாட்டீங்க."

அப்போதாவது போகாதே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதை வேறு. பஸ் நிலையத்தில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போனில் என்னவோ அழுத்தினார். தன் மென்பொருளின் பக்கத்தில் அவளுக்கும் தன் அளவுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார். எந்த இஷ்யூவையும் அவள் திறக்கலாம், மூடலாம். இத்தனை வருஷத்தில் இதை யாருக்கும் அவர் கொடுத்ததில்லை.

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடி போட்டும் சரியாகாத கண்ணை அப்படித்தான் பார்ப்பாள். பிறகு, மாத்திரையை நிறுத்திவிடுங்கள், அது வெறும் சத்து மாத்திரைதான் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

சத்து மாத்திரைக்கா வயிறு கெட்டது? வரும் வழியெல்லாம் அதையே யோசித்தார். வேறு எதையும் யோசிக்க தைரியம் இல்லை.

வீட்டில் சாப்பாடு எடுத்து வைத்திருந்தது. அன்றைக்கு அவர் நேரே மேசைக்குப் போய் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி சும்மா இருந்தது. இனி மறைக்க ஆளில்லை, ஒளிய இடமும் தேவையில்லை. மணிக்குப் பிடுங்கிய ஒயரையெல்லாம் போனில் திரும்ப மாட்டினார். புது இஷ்யூ ஒன்றைத் திறந்து, அவளைக் குறிப்பிட்டு, ஒரே வரி எழுதினார்.

"நீ எப்ப வருவே?"

ஆறிய சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார். மணி அடித்தது. அவ்வளவு ஆசையாக அவர் எந்த மணிக்கும் ஓடியதில்லை.

அவளுடைய பதில்: "நகல். இதே கேள்வி தினமும் சாயங்காலம் கேட்கப்பட்டிருக்கிறது. மூடுகிறேன்."

அதற்குக் கீழே எடுபிடி எழுதியிருந்தது: உங்கள் பங்களிப்புக்கு நன்றி.