தராசிலிருந்து கையை எடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அதாவது அவள் ஓர் அறையிலும் நான் ஓர் அறையிலுமாகத் தனித்தனியே நலம். அங்கு நீயும் உன் பத்து விரல்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போன் என்றால் நீ 'ம்' என்பாய், நானும் 'ம்' என்பேன், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது.

சனிக்கிழமை அரங்கத்தில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேடையேறி உன் மேசையைக் கவிழ்த்த பெரியவர் யாரென்று உனக்குத் தெரியும். அவர் ஏன் அங்கே வந்தார், ஏன் எழுந்தார், கடைசியில் ஏன் அப்படிச் சொன்னார் என்பது தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

முதலில் செயலாளர் விஷயம். நம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரை நீ பார்த்திருக்கிறாய், மாடிப்படியில் எந்தச் செருப்பு யாருடையது என்று மனப்பாடமாகச் சொல்லும் மனிதர். நீ கணக்கர் வேலையை உதறிவிட்டு, இனிமேல் சீட்டு வித்தைதான் பிழைப்பு என்று கிளம்பிய புதிதில் அவர் என்னைப் படியில் மடக்கி, "பொண்ணு இப்ப என்ன பண்ணுது சார்?" என்று கேட்டார். 'சீட்டு' என்ற சொல் தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. எடை அளவு ஆய்வாளனாக ஆயுள் முழுக்க ஊரை ஏமாற்றுகிறவர்களின் கையைப் பிடித்தவன் நான். அவன் மகள் ஊரே பார்க்க ஏமாற்றிச் சம்பாதிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? "கைவேலை" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை, பார். அவர் அதைத் துணியில் பூப்போடும் வேலை என்று எடுத்துக்கொண்டார். மறுவாரமே அவர் மனைவி ஒரு தலையணை உறையைக் கொடுத்தனுப்பி, ஓரத்தில் ரோஜாப்பூ போட்டுத் தரச் சொன்னார். உன் அம்மாவிடம் கெஞ்சினேன். "கைவேலைன்னு சொன்ன வாய்தானே? அதுவே ஊசியில நூலைக் கோக்கட்டும்" என்று போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டேன். ரோஜா என்று தொடங்கியது முட்டைக்கோஸில் வந்து நின்றது. செயலாளர் மனைவி அதைப் பார்த்து, "பாவம், இப்பத்தான் கத்துக்குது போல" என்று உன்மேல் இரக்கப்பட்டு, பூவைப் பிரித்தெடுத்துவிட்டாராம். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ செய்யாத தொழிலிலும் உன் பெயரைக் கெடுத்து வைத்ததுதான் மிச்சம்.

அதே செயலாளர்தான் சனிக்கிழமை வந்து நின்றார். அலுவலகத்தில் இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தார்களாம், மனைவிக்கு முதுகுவலியாம், "வாங்க சார், வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க" என்றார். என்ன நிகழ்ச்சி என்று கேட்கத் தோன்றவில்லை. பாட்டுக் கச்சேரி என்றே நினைத்துக்கொண்டு, தூங்குவதற்கு வசதியாகத் தளர்ந்த சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஆள் உயரத்துக்கு உன் படம். கறுப்புக் கோட்டு, கையில் விசிறியாக விரித்த சீட்டுகள். பெயரை மாற்றியிருந்தாய், மூக்கை மாற்ற முடியுமா? அது என் மூக்கு. "வயிறு ஒரு மாதிரி இருக்கு, நான் கிளம்புறேன்" என்றேன். "உள்ளேயே கழிப்பறை இருக்கு சார், பளிச்சுன்னு இருக்கும்" என்று என் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்ததும், "ஏன் சார், படத்துல இருக்கிற பொண்ணு அச்சா உங்க பொண்ணு மாதிரியே இருக்கே?" என்றார். நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே, "உலகத்துல ஒரே ஜாடையில ஏழு பேர் இருப்பாங்களாம்" என்றேன். அவர் தலையாட்டி, "அந்த ஏழுல இது கொடுத்து வச்சது சார், கைதட்டு வாங்குது. உங்க பொண்ணு பாவம், ஊசியோட மல்லுக்கட்டுது" என்றார்.

விளக்கணைந்தது, நீ வந்தாய். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் வித்தையிலேயே என் வாய் பிளந்துவிட்டது. சீட்டுக் கட்டை ஒரு கையால் வெட்டி, கலைத்து, நாடாவைப் போல மேசைமேல் இழுத்துவிட்டு, ஒரு ஓரத்தைச் சுண்டினாய். அத்தனை சீட்டும் ஒரே அலையாகப் புரண்டு படுத்தது. வீட்டில் டம்ளரைக் கீழே போடாமல் ஒருநாளும் கழுவியதில்லையே இந்தக் கை என்று நினைத்தேன். கைதட்டவும் செய்தேன். செயலாளர் பார்க்காதபடி மடிக்குள் வைத்து, கொஞ்சமாக.

பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன வித்தை வந்தது. முன்வரிசை அம்மாள் ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டார். அதைக் கட்டின் நடுவில் செருகினாய். உன் கைகளைப் பெரிய திரையில் காட்டினார்கள், ஒவ்வொரு விரலும் மின்கம்பம் மாதிரி. உன் வலது கை கட்டை விட்டு விலகியபோது சுண்டுவிரல் மட்டும் ஒரு நொடி விறைத்து நின்றது. அம்மா, தராசுத் தட்டின் விளிம்பைக் கள்ளத்தனமாக அழுத்துகிற கடைக்காரனின் கை அப்படியேதான் நிற்கும்! எத்தனை சந்தைகளில் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறேன்! "அது உன் மகள்" என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் கால் எழுந்துவிட்டது. வாய் காலுக்கும் முந்திக்கொண்டது.

"யாரும் நகரக் கூடாது! தராசுல இருந்து கையை எடு!"

அரங்கம் முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. நீ என்னைப் பார்த்தாய். பிறகு கையை மெதுவாக விரித்துக் காட்டினாய். ஒன்றுமில்லை. "எந்தத் தராசுங்க ஐயா?" என்று கேட்டாய். சிரிப்பு கூரையைத் தொட்டது. மானமுள்ளவன் அப்போதே உட்கார்ந்திருப்பான். ஆனால் சோதனை என்று ஒருமுறை குரல் கொடுத்துவிட்டால் அடுத்தபடியாகக் கல்லாப்பெட்டிக்கு அடியில் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். செயலாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார், பட்டன் ஒன்று தெறித்ததுதான் கண்ட பலன். மேடையேறி, அறிவிப்பாளரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, உன் மேசை விரிப்பைத் தூக்கினேன். விரிப்பு என் செருப்பில் மாட்டியது. செருப்பை உதறினேன். மேசை வந்தது. மேசையோடு நானும் போனேன். மறைவில் நீ அடுக்கி வைத்திருந்த கட்டுகளெல்லாம் மேடை முழுக்கச் சிதறின.

எழுந்திருக்க ஊன்றிய கையில் ஒரு கட்டு அகப்பட்டது. பார்த்தேன். இஸ்பேட் ராஜா. அடுத்தது, இஸ்பேட் ராஜா. அதற்கடுத்ததும் அவரே. கட்டு முழுக்க ஒரே ராஜா. வேலையில் இருந்த காலத்தில், உள்ளே குடைந்து மெழுகு அடைத்த எடைக்கல் அகப்பட்டால் அதைத் தலைக்கு மேலே தூக்கி, கூடியிருக்கும் சனங்களுக்குச் சுற்றிக் காட்டுவேன். அந்தக் கை அதே மாதிரி மேலே போகத் தொடங்கியது. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிறு வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த டாக்டரைப் பார்த்த அதே முகம். இந்தக் கை உயர்ந்தால் இவள் பிழைப்பு போயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கினேன். கட்டைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். நேர்மையான அதிகாரி என்று பெயரெடுத்தவன், சாட்சியத்தின்மேல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எழுந்தால் ராஜாக்கள் தெரிந்துவிடுவார்கள், எனவே எழவில்லை. அறிவிப்பாளர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார், நான் கல்லாய்க் கனத்தேன். நீதான் சமாளித்தாய். "விடுங்க, பெரியவர் அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல இருந்தா நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, என்னைச் சுற்றி வந்து, அந்த அம்மாள் கையெழுத்துப் போட்ட சீட்டை என் சட்டைக் காலருக்குப் பின்னாலிருந்து எடுத்தாய். அது அங்கே எப்படிப் போனது என்று இன்றுவரை விளங்கவில்லை. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. என்னை நீ ஏற்பாடு செய்து கூட்டிவந்த நடிகன் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஆனால் உன் விரல் என் பிடரியில் பட்டதே, அது ஐஸ்கட்டியாக இருந்தது. சிரித்த முகத்தோடு எவ்வளவு பயந்து போயிருக்கிறாய் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டி, "ஐயா பிரமாதம்! நீங்க யாரு? இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். இரண்டாம் வரிசையில் செயலாளர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நான், "ஒண்ணும் வேணாம்ங்க. சும்மா பார்க்க வந்தவன்" என்றேன். அவர் உறவைக் கேட்டார், நான் ஏதோ பலகாரம் வேண்டுமா என்று கேட்டதுபோலப் பதில் சொல்லித் தப்பித்தேன். உடனே அவர் உன் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார். நீயும், "இல்லைங்க, எனக்கும் தெரியாது" என்றாய். நான் போட்ட கல்லுக்கு அது சரியான எடைதான். முள் இம்மியும் அசையவில்லை.

திரும்பும்போது பேருந்தில் செயலாளர், நான் மேடையேறியதைப் பழைய உத்தியோகப் பழக்கம் என்று மன்னித்துவிட்டு, "அந்தப் பொண்ணைப் பெத்தவங்க புண்ணியம் பண்ணியிருக்கணும் சார்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான், மேடையிலிருந்து எழும்போது யாரும் பார்க்காமல் சட்டைக்குள் நுழைத்த ராஜாக் கட்டை அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்ட சில்லறைத் திருடன்கூட அவ்வளவு குறுகி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நீ அவளுக்குப் போன் செய்திருக்கிறாய். போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"உங்களை ரெண்டாவது வரிசையில பார்த்ததும் அவளுக்குக் கை உதறிடுச்சாம். அதான் அந்த விரல்" என்றாள்.

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"நீங்க எழுந்தப்ப என்ன நினைச்சாளாம் தெரியுமா? இவ என் பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லத்தான் எழுந்திருக்கீங்கன்னு நினைச்சாளாம். போங்க, போய்த் தராசைப் பாருங்க."

அதற்குப் பிறகுதான் தனித்தனி அறை. நேற்று மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று, உன்னுடைய ராஜா ஒருவரை உள்ளங்கைக்குள் மறைத்துப் பார்த்தேன். முதலில் வாளியில் விழுந்தார். அப்புறம் பீரோவுக்குப் பின்னால் போனார், இன்னும் வெளியே வரவில்லை. கட்டைவிரல் மரத்துப்போனதுதான் மிச்சம். கடைக்காரன் கை ஆளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்கிறது. உன் கை அப்படி எதை எடுத்துக்கொண்டது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போன ஒருவர் முகத்திலும் ஏமாந்த களை இல்லை, என்னைத் தவிர.

ஆகவே மகளே, நான் முடிவு செய்துவிட்டேன். நீ ஆடும் அரங்கம் இருக்கிற தெருப் பக்கமே இனித் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீயும் என்னை அப்பா என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். உன் தொழிலுக்கு நல்லதில்லை. மன்னிப்புக் கேட்கிற தகுதிகூட இருப்பதாகத் தோன்றவில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். கட்டை இத்துடன் அனுப்புகிறேன், பீரோவுக்குப் பின்னால் இருப்பவர் நீங்கலாக. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் கையுறை போடு, விரலைக் காப்பாற்று. எடுத்த சீட்டெல்லாம் நீ நினைத்த சீட்டாகவே வரட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபாலில் போடக் கீழே இறங்கினேன். திரும்ப வந்து, ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். வாசலில் செயலாளர் ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு உன் வித்தையைக் கையை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர், "என்ன பெரிய வித்தை, எல்லாம் கண்கட்டு ஏமாத்து வேலைதானே" என்றார். நான் பேசாமல்தான் தாண்டிப் போனேன். வெளிவாசல் வரைக்கும் போய்விட்டேன். பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை, அரங்கத்தில் வந்ததே, அதே குரல் வந்துவிட்டது. "யாருய்யா ஏமாத்துறது? அவ என் பொண்ணுய்யா!" என்று கத்திவிட்டேன். மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்தாள். செயலாளர் என்னையும், ஜன்னலில் நின்ற உன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில், "அப்ப எங்களுக்கெல்லாம் முன்வரிசைல இடம் கிடைக்குமா சார்?" என்றார். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே, தெருப்பக்கம் வரமாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள். அடுத்த நிகழ்ச்சிக்கு மொத்தக் குடியிருப்பும் வேன் வைத்து வருகிறது. உன் அம்மா ஒரு பக்கமும் செயலாளர் ஒரு பக்கமும் உட்கார்ந்து என் கைகளைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. எழுந்திருக்க மாட்டேன், சத்தியம். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அறிவிப்பாளரிடம் சொல்லி, நான் உனக்கு என்ன வேணும் என்று இன்னொரு தரம் கேட்கச் சொல். ஒலிவாங்கியைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்கச் சொல்.